சாட், யூகேட், நீட்: எந்த மாதம், எந்த ஊரில் எழுதுவது? – வெளிநாட்டுப் படிப்பு கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு என்பதெல்லாம் ஓரளவு தெரிந்திருக்கிறது. நுழைவுத் தேர்வை எப்போது, எங்கே எழுதுவது என்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

ஸ்டேட் போர்டில் பிளஸ் ஒன் படிக்கிறேன். அமெரிக்காவில் இன்ஜினீயரிங் படிக்க ஆசை. பிளஸ் டூ பப்ளிக் முடிந்ததும் சாட் (அமெரிக்கக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வு) எழுதினால் போதும் என்கிறார் அப்பா. சரியா?
– மாணவி, ஈரோடு

உங்கள் அப்பா சொல்வது அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சலிங்குக்குச் சரி. மார்ச்சில் பப்ளிக், மே மாதம் ரிசல்ட், அப்புறம் கவுன்சலிங் என்பது நமக்குப் பழகிப்போன வரிசை. அமெரிக்காவில் வகுப்பு தொடங்குவது ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோதான் என்றாலும் விண்ணப்பத்தை முந்தைய வருடமே வாங்கிவிடுகிறார்கள்: முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலும் நவம்பர் 1, மற்றவர்களுக்குப் பெரிய கல்லூரிகளில் ஜனவரி முதல் வாரம். நீங்கள் பப்ளிக் எழுதிக்கொண்டிருக்கும் நாட்களில் அங்கே சீட் யாருக்கு என்பது ஏறக்குறைய முடிவாகியிருக்கும். பப்ளிக் முடித்துவிட்டு மே மாதம் சாட் எழுதினால் அது அடுத்த வருட அட்மிஷனுக்குத்தான் உதவும்.

ஆகவே கடைசித் தேதியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். சாட் வருடம் முழுக்க நடப்பதில்லை. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை, பிறகு மார்ச், மே, ஜூன், அவ்வளவுதான். மார்க் வர இரண்டு வாரம் போல ஆகும். நவம்பர் 1-க்கு அக்டோபர் தேர்வுதான் கடைசி நிம்மதியான தேதி, ஜனவரிக்கு டிசம்பர் தேர்வு. அந்தக் கடைசித் தேதியிலேயே முதல் தடவை எழுதப் போனால், அன்றைக்குக் காய்ச்சல் வந்தாலோ மையம் ரத்தானாலோ கையில் ஒன்றுமே இருக்காது.

பிளஸ் ஒன் முடிந்த கையோடு மே அல்லது ஜூனில் முதல் தடவை எழுதுங்கள், கோடை விடுமுறை முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. பிளஸ் டூ தொடங்கிய பிறகு ஆகஸ்டில் இரண்டாவது. அக்டோபரைக் கையிருப்பாக வையுங்கள், தேவையில்லை என்றால் விட்டுவிடலாம். செப்டம்பரில் காலாண்டும் டிசம்பரில் அரையாண்டும் மோதும், சில வருடங்களில் நவம்பர் தேர்வு தீபாவளியை ஒட்டி வரும். மார்ச் பக்கம் தலைவைத்தும் படுக்க வேண்டாம், அது பப்ளிக்குக்கான மாதம். இரண்டு, மிஞ்சினால் மூன்று தடவை போதும். பல கல்லூரிகள் ஒரு தேதியில் நீங்கள் எடுத்த கணித மார்க்கையும் இன்னொரு தேதியில் எடுத்த ஆங்கில மார்க்கையும் சேர்த்து உயர்ந்ததை எடுத்துக்கொள்கின்றன. ஐந்தாவது தடவை எழுதினால் முப்பது மார்க் கூடும் என்று கோச்சிங் சென்டர் சொன்னால் அந்த நேரத்தில் பிளஸ் டூ கெமிஸ்ட்ரியைப் படியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், நீங்கள் போடப்போகும் கல்லூரிகள் சாட் கேட்கின்றனவா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கொரோனா காலத்தில் பெரும்பாலான கல்லூரிகள் சாட் கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டன, எம்.ஐ.டி. 2022-இலேயே திரும்பக் கட்டாயமாக்கியது, 2024-இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் எல்லாம் அதே வழியில் வந்தன. யேல் சாட் இல்லாவிட்டால் ஏ.சி.டி. என்ற இன்னொரு நுழைவுத் தேர்வின் மார்க்கையோ, ஏ.பி., ஐ.பி. என்ற வெளிநாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத் தேர்வுகளின் மார்க்கையோ கொடுக்கலாம் என்கிறது. கொலம்பியா இஷ்டம்போல் என்று விட்டுவிட்டது. கலிபோர்னியா யுனிவர்சிட்டியின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களுக்கு நீங்கள் 1600-க்கு 1600 வாங்கினாலும் அட்மிஷனுக்கு அதைப் பார்க்கவே மாட்டார்கள். உங்கள் பட்டியலில் இருப்பது முழுக்க அந்த வகை என்றால் ஈரோட்டிலிருந்து எங்கேயும் போய்த் தேர்வு எழுத வேண்டியதே இல்லை!

சாட் பதிவு செய்யப் பார்த்தால் திருநெல்வேலி பக்கம் மையமே காட்டவில்லை, சென்னையில் இடம் நிரம்பிவிட்டது. பெங்களூரில் இருக்கிறது. காத்திருந்தால் சென்னையில் திறக்குமா? மகளைத் தனியாக அனுப்பலாமா?
– ஒரு தந்தை, திருநெல்வேலி

கிடைத்த இடத்தை முதலில் பிடித்துப் போடுங்கள். பிறகு சென்னையில் இடம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம், அதற்கு ஒரு கட்டணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்புவரை பதிவு செய்யலாம் என்று தேதி போட்டிருக்கும். அது இடம் இருந்தால் மட்டும் என்று படித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு மையங்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான், அதிலும் ஆகஸ்டும் அக்டோபரும் எல்லோரும் குறிவைக்கும் மாதங்கள். அறிவிப்பு வந்த வாரமே பதிவு செய்கிறவர்களுக்குத்தான் ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கிறது.

பயணத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பெரும்பாலும் சனிக்கிழமை காலை தேர்வு. ஏழே முக்காலுக்குக் கதவு திறக்கும், எட்டுக்கு மூடிவிடுவார்கள், எட்டேகாலுக்கு நின்று கெஞ்சினாலும் உள்ளே விட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை இரவு ஆம்னி பஸ் ஏறி விடிகாலை பெங்களூரில் இறங்கி நேராக மையத்துக்குப் போகும் திட்டம் வேண்டாம். ஓசூர் தாண்டி டிராஃபிக் பிடித்தால் கதை முடிந்தது. முதல் நாள் மதியத்துக்குள் போய்ச் சேர்ந்து, மையம் எங்கே என்று ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வந்து தூங்குங்கள். பெண்ணைத் தனியாக அனுப்புவது உங்கள் வீட்டு முடிவு. நான் அனுப்ப மாட்டேன், பயத்தினால் அல்ல, தேர்வு நாளில் வழியைப் பற்றிக் கவலைப்பட இன்னொருவர் கூட இருக்கட்டும் என்பதால்.

இன்னொன்று, பல பெற்றோருக்கு இன்னும் தெரியாதது: 2023 மார்ச்சிலிருந்து இந்தியா உட்பட வெளிநாடுகளில் சாட் முழுக்க லேப்டாப்பிலோ டேப்லெட்டிலோதான். பென்சில், ஓ.எம்.ஆர். தாள் எல்லாம் போய்விட்டது. 2 மணி 14 நிமிடத் தேர்வு, நடுவில் 10 நிமிட இடைவேளை. கருவியை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அதில் ப்ளூபுக் என்ற செயலியை முன்கூட்டியே போட்டு, தேர்வுக்கு ஐந்து நாளுக்குள் அதற்குள்ளேயே எக்ஸாம் செட்டப் என்பதை முடித்தால்தான் அனுமதிச் சீட்டு வரும். இதை வீட்டிலேயே, நல்ல இன்டர்நெட்டில் முடியுங்கள். லாட்ஜ் வைஃபையை நம்பிக் கிளம்பாதீர்கள். அண்ணனுடைய ஆபீஸ் லேப்டாப்பை வாங்கிப்போனால் கம்பெனி பூட்டு அந்தச் செயலியை ஓட விடாமல் தடுக்கலாம். ஒவ்வொரு மேஜைக்கும் பிளக் பாயின்ட் இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, ஆகவே மூன்று, நான்கு மணி நேரம் தாங்கும் பேட்டரி வேண்டும். பழைய லேப்டாப் என்றால் அன்றைக்கு ஒரு நாள் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். லேப்டாப்பே இல்லை என்றால் கடனாகத் தரச் சொல்லி விண்ணப்பிக்கவும் வழி உண்டு. தேர்வுக்கு 30 நாளுக்கு முன்பே கேட்க வேண்டும்.

எனக்குப் பெயர் ஒன்றுதான், முன்னால் அப்பாவின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. சாட், டோஃபல் (ஆங்கிலத் திறன் தேர்வு) பதிவில் கடைசிப் பெயர் கட்டாயம் என்கிறது. அப்பா பெயரைப் போட்டுவிடலாமா?
– மாணவர், மதுரை

போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு பெயர் பதிவில் இருந்தால் வாசலில் நிற்கும் ஆளுக்கு அது வேறு ஆள். உங்கள் அப்பா பெயர் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறதே என்று விளக்கிக்கொண்டிருக்க அங்கே நேரம் கிடையாது.

உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்றால் முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள். உங்கள் பெயர் கிவன் நேம் கட்டத்தில், அப்பாவின் பெயர் சர்நேம் கட்டத்தில் என்று மறு வெளியீடு வாங்கிய பிறகு எல்லாத் தேர்வுக்கும் அதே எழுத்துக்கூட்டலில் பதிவு செய்யுங்கள். இனிஷியலை ஓர் இடத்தில் விரித்தும் இன்னோர் இடத்தில் விரிக்காமலும் எழுதுவதுதான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வரும் பெரிய தலைவலி. இப்போது சோம்பல்பட்டு விட்டால் விசாவரை துரத்தும்: சர்நேம் காலியாக உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவில் இருக்கிற ஒற்றைப் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர் கட்டத்தில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அங்கே போய் வங்கிக் கணக்கிலிருந்து டிரைவிங் லைசென்ஸ்வரை அந்த மூன்று எழுத்துதான் கூப்பிடும் பெயர்.

அவகாசம் இல்லை, தேர்வு நெருங்கிவிட்டது என்றால் ஒற்றைப் பெயர்க்காரர்கள் எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று அந்தந்தத் தேர்வின் விதிமுறையில் சொல்லியிருக்கும், அதை அப்படியே செய்யுங்கள். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் முழுப் பெயர் என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். இருவரும் ஒருவரே என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு வைத்தால் கல்லூரிகள் ஏற்றுக்கொள்ளும்.

மகன் சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ. இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க வேண்டும் என்கிறான். விண்ணப்பத்துக்கு அக்டோபர் 15 கடைசி நாள் என்று போட்டிருக்கிறது. அதை அனுப்பிவிட்டு தீபாவளி லீவில் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகலாம் அல்லவா?
– ஒரு தாய், சென்னை

முடியாதும்மா. அக்டோபர் 15 வருவதற்குள் தேர்வே முடிந்துபோயிருக்கும்.

மருத்துவத்துக்கான யூகேட் தேர்வு ஜூலையில் தொடங்கி செப்டம்பர் கடைசியோடு முடிந்துவிடுகிறது. பதிவு அதற்கும் முன்பே தொடங்குகிறது. உலகம் முழுக்க பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் தேர்வு மையங்களில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் நாளில் எழுதலாம். ஆனால் ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான், அந்த மார்க்கும் அந்த வருட அட்மிஷனுக்கு மட்டும். இதில் ஒரு நன்மை உண்டு: எழுதி முடித்ததும் மார்க் கையில் வந்துவிடும். ஆகஸ்டில் எழுதினால் அக்டோபருக்குள் எந்தெந்தக் கல்லூரிக்கு இந்த மார்க் எடுபடும் என்று பார்த்துப் போடலாம், நான்கு மருத்துவக் கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால் இது பெரிய விஷயம். செப்டம்பர் கடைசி வாரத்தில் எழுதுகிறவர்களுக்கு அந்த நிதானம் கிடைக்காது. பழைய கோச்சிங் புத்தகம் வாங்காதீர்கள். 2025-இல் படங்களை வைத்துக் கேட்கும் பகுதியை எடுத்துவிட்டார்கள், 3600 என்றிருந்த மொத்த மார்க் 2700 ஆகிவிட்டது. பிமேட் என்று இன்னொரு தேர்வு இருந்தது, அது 2023 அக்டோபரோடு நின்றுவிட்டது. இன்னும் அதற்குப் பயிற்சி என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்து மருத்துவக் கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஏறக்குறைய 7.5 சதவீத இடம்தான். நான்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்காமல், நீட்டையும் விடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதே கோளாறு கேம்பிரிட்ஜுக்கு இன்ஜினீயரிங், சயின்ஸ் போடுபவர்களுக்கும் நடக்கிறது. அங்கே கேட்கும் ஈசாட், டி.எம்.யு.ஏ. என்ற நுழைவுத் தேர்வுகளுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், விண்ணப்பத்தோடு தானாக வராது. அக்டோபர் அமர்வுக்கான பதிவு செப்டம்பர் கடைசியிலேயே மூடிவிடும். ஜனவரியில் இன்னோர் அமர்வு இருக்கிறதே என்பார்கள், கேம்பிரிட்ஜுக்கு அது செல்லாது.

உயர்தரப் பரீட்சை இந்த முறை நவம்பரில். சாட்டையும் நவம்பர் அல்லது டிசம்பரில் எழுதி அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க நினைக்கிறேன். பெறுபேறு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?
– மாணவி, யாழ்ப்பாணம்

நவம்பர், டிசம்பர் இரண்டையும் விட்டுவிடுங்கள். உங்கள் நாட்டில் பிளஸ் டூவுக்கு இணையான ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சையின் தேதி கொஞ்ச வருடங்களாகவே ஓரிடத்தில் நிற்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். முன்பு ஆகஸ்டில் நடந்தது; 2022-க்குரியது 2023 ஜனவரியில் தொடங்கியது; 2024-க்குரியது நவம்பர் 25-இல் தொடங்கி, மழை வெள்ளத்தால் இடையில் நின்று டிசம்பர் 31 வரை இழுத்தது; 2025-இல் நவம்பர் 10-இல் தொடங்கி, டிட்வா புயலினால் பாதியில் நின்று மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரிக்குப் போயின. இப்படி நகரும் பரீட்சைக்குப் பக்கத்தில் பணம் கட்டிய இன்னொரு தேர்வை வைத்தால் இரண்டும் கெடும். சாட்டை மே, ஜூன், ஆகஸ்ட் மூன்றில் முடித்துவிடுங்கள். உங்கள் பக்கத்தில் மையம் காட்டாவிட்டால் கொழும்புதான், முதல் நாளே போய்த் தங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பெறுபேற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2024 பரீட்சைக்கு 2025 ஏப்ரல் கடைசியில்தான் பெறுபேறு வந்தது, அதற்குள் அமெரிக்க முடிவுகள் வெளிவந்துவிடும். பாடசாலைத் தவணை மதிப்பெண்கள், ஓ.எல். (சாதாரண தரம்) பெறுபேறு, ஆசிரியர் தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண் இவற்றை வைத்து விண்ணப்பிக்கலாம், இறுதிப் பெறுபேற்றைப் பின்னால் அனுப்பலாம். அதிபரிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள், ஏனென்றால் எதிர்பார்ப்பு மதிப்பெண் எழுதித் தருவது எல்லாப் பாடசாலையிலும் பழக்கத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

துபாயில் இருக்கிறோம். மகள் இந்தியாவில் மருத்துவம் படிக்க நீட் எழுதுகிறாள். இங்கேயே எழுதட்டுமா, திருச்சிக்கு வந்து எழுதட்டுமா?
– ஒரு தந்தை, துபாய்

அங்கேயே எழுதட்டும். வெளிநாட்டில் நீட் மையம் 2021-இல் குவைத்திலும் துபாயிலும் தொடங்கியது. 2024-இல் துபாய், அபுதாபி, ஷார்ஜா, மஸ்கட், தோஹா, ரியாத், கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் எல்லாம் சேர்த்து 14 நகரங்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் பட்டியல் விண்ணப்பத்தோடு வரும்போதுதான் உறுதி. 2024-இலேயே முதலில் வெளிநாட்டு நகரங்களே இல்லாமல் விண்ணப்பத்தைத் திறந்துவிட்டார்கள், பெற்றோர் கூச்சல் போட்ட பிறகுதான் சேர்த்தார்கள்.

சாட் போலத் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இதில் இல்லை. ஒரே நாள், ஒரே வேளை. சமீப வருடங்களில் மே முதல் ஞாயிறு. இந்திய நேரம் பிற்பகல் 2 மணிக்கு உலகம் முழுக்க ஒரே சமயத்தில் தொடங்கும். உங்களுக்கு அது பன்னிரண்டரை, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு மாலை நாலரை. வாயில் கதவை இந்திய நேரம் ஒன்றரைக்கு மூடிவிடுவார்கள், அதாவது துபாயில் நண்பகல் பன்னிரண்டு. அனுமதிச் சீட்டில் உள்ளது எந்த ஊர் நேரம் என்று இரண்டு பேர் சேர்ந்து பார்த்து வையுங்கள். மகளை ஏப்ரல் மாதமெல்லாம் அந்த நேரத்திலேயே மாதிரித் தேர்வு எழுதப் பழக்குங்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மூளை ஓட வேண்டும் அல்லவா. கட்டணம் அதிகம்தான், இந்தியாவுக்கு வெளியே மையம் கேட்டால் 9,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ஆனால் மே மாத விமான டிக்கெட்டோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. தாத்தா பாட்டி வீட்டில் நாலு நாள் தங்கி எழுதலாம் என்பது ஆசைக்குச் சரி, திருச்சி வெயிலில் இறங்கி வயிறு கெட்டால் வருடம் போச்சு.

என்.ஐ.டி. இன்ஜினீயரிங் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வரி: வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான டாசா சேர்க்கைத் திட்டம் வழியாகப் போவதற்குச் சில வருடங்களாக ஜே.இ.இ. மெயின் ரேங்க்தான் வேண்டும், முன்பு கேட்ட சாட் பாடத் தேர்வுகள் 2021-இல் ஒழிந்தேபோயின.

ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சேர நுழைவுத் தேர்வே வேண்டாம், நேராக சீட் என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா?
– ஒரு வாசகர், கள்ளக்குறிச்சி

அங்கே சேர நுழைவுத் தேர்வு வேண்டாமாக இருக்கலாம், ஆனால் திரும்பி வந்து இங்கே டாக்டராகப் பதிவு செய்ய நீட் தகுதி வேண்டும். தகுதி மார்க் வாங்கினால் போதும், ரேங்க் தேவையில்லை. அந்த மார்க் வெளிநாட்டுச் சேர்க்கைக்கு மூன்று வருடம் செல்லும். முடித்து வந்த பிறகு, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தேர்வும் தனியாக இருக்கிறது. நீட் தகுதியில்லாமல் பிளேனில் ஏற்றிவிடுகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஜே.இ.இ.க்குப் படித்துக்கொண்டே சாட்டும் எழுதலாமா? இரண்டு படகில் கால் வைக்காதே என்கிறார் கோச்சிங் சார்.
– மாணவர், கோயம்புத்தூர்

கணிதத்தைப் பொறுத்தவரை நீங்கள் ஏற்கெனவே கரையேறிவிட்டீர்கள். ஜே.இ.இ.க்குப் படிக்கிற பையனுக்கு சாட் கணிதம் பெரிய விஷயமே இல்லை, அவசரத்தில் தவறாகப் படித்துவிடுவதுதான் ஆபத்து. பிரச்சினை ஆங்கிலத்தில். சின்னச் சின்னப் பத்தியாகக் கொடுத்து, நாலு பதிலும் சரி போலத் தோன்றும்படி கேட்பார்கள். தினமும் அரை மணி நேரம், நாலைந்து மாதம் என்று படித்தால் ஏறும், கடைசி வாரத்தில் ஏறாது.

ஜே.இ.இ. மெயின் ஜனவரியிலும் ஏப்ரலிலும், அட்வான்ஸ்டு மே, ஜூன் வாக்கில். அதனால் பிளஸ் டூவில் ஆகஸ்டோடு சாட்டை முடித்துவிட்டு மறந்துவிடுங்கள். இடையில் ஏதாவது தவறிப்போனால் பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் ஏ.சி.டி. நடக்கிறது என்பார்கள், உங்களுக்கு அது இரண்டு ஜே.இ.இ.க்கும் நடுவில் வந்து விழும், விண்ணப்பத் தேதியும் முக்கால்வாசி கடந்திருக்கும். ஜெர்மனி மனதில் இருந்தால் ஜே.இ.இ.யை விடவே வேண்டாம்: அட்வான்ஸ்டில் தகுதி பெற்றவர்கள் பிளஸ் டூ முடித்தவுடன் நேரடியாக அங்கே தொழில்நுட்பப் படிப்புக்கு விண்ணப்பிக்க முடிகிறது, மற்றவர்கள் ஒரு வருடம் இங்கே கல்லூரியில் படித்துவிட்டோ, அங்கே ஆயத்த வகுப்பு முடித்தோதான் போக வேண்டும். உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வாங்கியாக வேண்டும், அதற்கும் வாரக்கணக்கில் ஆகும்.

ஆங்கிலத் தேர்வை எப்போது எழுதுவது? சாட்டுக்கு முன்பா, பின்பா?
– மாணவி, தஞ்சாவூர்

பின்பு. டோஃபல், ஐஇஎல்டிஎஸ் இரண்டும் வருடம் முழுக்க அடிக்கடி நடக்கின்றன, மார்க் சீக்கிரம் வந்துவிடும், இரண்டு வருடம் செல்லும். சாட் ஆங்கிலத்துக்குப் படித்த சூட்டோடு செப்டம்பரில் எழுதினால் தனியாகத் தயாரிக்க அதிகம் இருக்காது, பேசும் பகுதியைத் தவிர. பத்தாம் வகுப்பிலேயே எழுதிவைத்துவிட்டால் விண்ணப்பிக்கும்போது காலாவதியாகியிருக்கும். டோஃபலில் 2026 ஜனவரி 21 முதல் தேர்வு முறையே மாறிவிட்டது, 120 என்ற பழைய அளவுக்குப் பதிலாக 1 முதல் 6 வரை புதிய அளவு வந்திருக்கிறது. அக்காவின் பழைய நோட்ஸ் உதவாது. வீட்டிலிருந்தே எழுதும் டுவோலிங்கோ தேர்வை ஏற்கும் கல்லூரி மட்டும்தான் உங்கள் பட்டியலில் என்றால் அதுவே போதும், செலவு குறைவு.

மகனுக்கு டிஸ்லெக்ஸியா. பப்ளிக்கில் கூடுதல் நேரம் தருகிறார்கள். சாட்டில் தருவார்களா?
– ஒரு தாய், சேலம்

தருவார்கள், ஆனால் பப்ளிக்குக்கு வாங்கிய உத்தரவு அங்கே தானாகச் செல்லாது. தனியாக விண்ணப்பிக்க வேண்டும், முடிவு சொல்ல ஏழு வாரம்வரை எடுத்துக்கொள்வார்கள். ஆகஸ்டில் எழுதப்போகிறான் என்றால் பள்ளி மூடுவதற்குள் ஏப்ரலிலேயே ஆவணங்களை வாங்கிப் போட்டுவிடுங்கள், மே மாதம் போனால் கையெழுத்துப் போட ஆள் இருக்க மாட்டார்கள்.

கடைசி நாள் இரவு பதினொன்று ஐம்பத்தொன்பது என்று போடுகிறார்களே, அது எந்த ஊர் நேரம்? போன தடவை பணம் கட்டும்போது கார்டு வேலை செய்யாமல் தேதி போய்விட்டது.
– ஒரு வாசகர், வேலூர்

மூன்று விதமாக இருக்கிறது. சாட் பதிவு அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம், நமக்கு மறுநாள் காலை ஒன்பதரை வாக்கில். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு பத்தரை. பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் காமன் ஆப் தளம் வழியாகப் போடும் கல்லூரி விண்ணப்பம் உங்கள் ஊர் நேரம், அதாவது வேலூரில் நள்ளிரவு வந்தால் முடிந்தது, அமெரிக்காவில் இன்னும் பகல்தானே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. இங்கிலாந்தின் அக்டோபர் 15 அங்கே மாலை ஆறு மணி, நமக்கு இரவு பத்தரை.

கார்டு விஷயம் அதைவிட எளிது. 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புது கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும்தான் வேலை செய்யும், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நீங்களாக வங்கி ஆப்பில் திறந்துவிட வேண்டும், வரம்பையும் கூட்ட வேண்டும். சில டெபிட் கார்டுகளில் அதுவும் பலிக்காது, அப்படியானால் கிரெடிட் கார்டு வைத்திருக்கும் சித்தப்பாவை முன்கூட்டியே கேட்டு வையுங்கள், ஓ.டி.பி. அவர் போனுக்குத்தான் போகும் என்பதால் பணம் கட்டும் நேரத்தில் அவர் விழித்திருக்கவும் வேண்டும்.